நான் மாட்டிய கனமான டயர்

மூன்றாவது தடவையும் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் முதலில் என் கணவரின் மஞ்சள் தலைக்கவசம் தெரிந்தது, அதன் பின்னால் தம்பியின் நீலத் தலைக்கவசம். இரண்டும் சைக்கிளில் உட்கார்ந்த உயரத்தில் வரவில்லை, நடக்கிற உயரத்தில் ஆடி ஆடி வந்தன. எனக்கு வந்த கோபத்தில் ஈரச் சட்டையை உதறிய உதறலில் இரண்டு கிளிப்புகள் கீழ்வீட்டுப் பூந்தொட்டியில் போய் விழுந்தன.

"பின் சக்கரமா?" என்று மேலிருந்தே கத்தினேன்.

"பின் சக்கரம்தான்!" என்று தம்பி கீழிருந்து கத்தினான். ஏதோ பரிசு வாங்கி வந்தவன் மாதிரி அதில் ஒரு சிரிப்பு வேறு.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீளமான பந்தயச் சைக்கிள் ஒன்று இருக்கிறது. முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிப்பவர் என் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். முப்பது வயது வரை சைக்கிள் பந்தயங்களில் ஓடினார், நாலாவது இடத்துக்கு மேல் ஒரு தடவைகூட வராமல் ஓய்ந்தார். பின்னிருக்கையில் என் தம்பி. இருபத்தாறு வயது. மூன்று வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவனுடைய பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டின் பின்னறையை விட்டு அவன் வெளியே வரவில்லை. இந்தச் சைக்கிள் வந்த பிறகுதான் வந்தான்.

சக்கரங்கள் மட்டும் என் பொறுப்பு. எந்த டயர், எந்த டியூப், எவ்வளவு காற்று என்பதெல்லாம் நான் முடிவு செய்வது. என் கணவர் டயர் மாட்டினால் உள்ளே டியூபைக் கிள்ளிவிடுவார். அவருக்கு அவசரம் பிறவியிலேயே வந்தது. நான் பார்சல் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகப் பெட்டி கட்டிப் பிரித்துக்கொண்டிருப்பவள். என் கைக்குப் பொறுமை உண்டு. வாய்க்குத்தான் கிடையாது.

மூன்று வாரத்தில் பந்தயம் இருந்தது. ஒவ்வொரு சைக்கிளாக நேரம் பார்த்துத் தனித்தனியே விடும் பந்தயம். முப்பது கிலோமீட்டரை நாற்பத்திரண்டு நிமிடத்துக்குள் முடிக்கிற பார்வையற்ற வீரர்களைத் தேசியப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருட முகாம், தங்க இடம், பயிற்சி, அப்புறம் வெளிநாட்டுப் போட்டிகள். இந்தத் தேர்வை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான். தம்பி தூக்கத்தில்கூட நாற்பத்திரண்டு என்று உளறுவதாக என் கணவர் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டிருக்கிறது.

பின் சக்கரத்தைக் கழற்றி டியூபை உருவினேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெயரின் நடு எழுத்து எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி நான் மாட்டுவேன். பார்ப்பவர்கள் அழகுக்கு என்று நினைப்பார்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை ஜாண் என்று அளந்துவிட்டால், டயரிலும் அதே எழுத்திலிருந்து அத்தனை ஜாண் போய்த் தடவினால் போதும், முள்ளோ கம்பியோ அங்கே இருக்கும். அன்றைக்கும் அளந்து தடவினேன். ஒன்றுமில்லை. டியூபைத் தண்ணீரில் முக்கினேன். போன இரண்டு தடவை போலவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிழிசல்கள், பாம்பு கடித்த மாதிரி.

காற்று போதாத டயர் ஒரு குழியில் இறங்கினால் டியூப் ரிம்மோடு நசுங்கி இப்படித்தான் கிழியும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் காற்று அடித்தது நான். டயர் வந்த அட்டையில், ஓட்டுகிறவரின் எடைக்கு இவ்வளவு காற்று என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. இரவுச் சாப்பாட்டில் இருவரையும் எடை கேட்டேன். "அறுபத்தெட்டு" என்றார் இவர். "அறுபத்தி நாலு" என்றான் அவன். கூட்டி, சைக்கிளையும் சேர்த்து, கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்து, பம்பில் காற்றளவு காட்டும் முள்ளைக் கண் கொட்டாமல் பார்த்து அடித்த காற்று அது. ஆகவே தப்பு என் பக்கம் இருக்க முடியாது. டியூப்தான் மட்டம் என்று முடிவு கட்டினேன்.

மறுநாளே டயர்க்கடைக்குப் போய்க் கிழிந்த மூன்று டியூபையும் மேஜையில் போட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம் போனேன்.

"ஏங்க, பந்தய டியூப்னு சொல்லி பலூனயா விக்கறீங்க?"

டயர்க்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எதற்கும் பதறாதவர். டியூபை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"காத்து கம்மியா அடிச்சிருக்கீங்க."

"அட்டையில போட்டிருக்கிற கணக்குக்கு ஒரு புள்ளி குறையல."

"அட்டை எடையக் கேக்குமே. எவ்வளவு வெச்சீங்க?"

சொன்னேன். அவர் டியூபைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரரா அறுபத்தெட்டு?"

"எங்க வீட்டுக்காரர் எடையப் பத்தி உங்களுக்கு என்ன வந்துச்சு?"

கடையிலிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் சுவரில் தொங்கிய சங்கிலிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டயர்க்காரம்மா மூன்று டியூபையும் சுருட்டி என் பக்கம் நகர்த்தினார். ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தேன்.

நாலாவது பஞ்சர் என் அலுவலகத்துக்கு அருகிலேயே ஆனது. மதிய இடைவேளை. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரக்கு இறக்கும் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அங்கே தரையோடு தரையாக ஒரு பெரிய எடைமேடை உண்டு. மரப்பெட்டி, இரும்புப் பெட்டி எல்லாம் அதில்தான் ஏறும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டுவரும் பேச்சு ஒன்றுதான்: "அஞ்சு கிலோதான் மேடம், வீட்லயே போட்டுப் பாத்துட்டோம்." யார் சொன்ன எடையையும் நான் நம்பியதில்லை. வைத்துக் காட்டுங்கள் என்பேன். கண்ணீர் விட்டவர்கள் பெட்டியைக்கூட மேடையில் ஏற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

தள்ளுவண்டி ஒன்று வர, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வழிவிடுவதற்காக என் கணவர் ஒதுங்கி நின்றார். ஒதுங்கிய இடம் எடைமேடை. சுவரில் சிவப்பு எண்கள் எரிந்தன. 79.4.

எண்ணைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவரும் திரும்பி எண்ணைப் பார்த்தார்.

"சட்டைப் பையில சாவி இருக்கு" என்றார்.

"சாவி பதினோரு கிலோவா?"

"பந்தயம் ஓடினப்ப அறுபத்தெட்டுதான் இருந்தேன். சத்தியமா."

"அது எந்தக் காலம்? நம்ம கல்யாண ஃபோட்டோலயே நீங்க அறுபத்தெட்டு இல்ல!"

தள்ளுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் இவரை இறக்கிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்தேன். "நீ ஏறு."

"வேண்டாங்க்கா."

"ஏறுன்னு சொல்றேன்ல."

அவன் கால் விளிம்பைத் தேடி ஏறியது. 73.1. ஒன்பது கிலோ குறைத்துச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேருமாகச் சேர்ந்து இருபது கிலோவை மறைத்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். நானோ ஊரார் பெட்டியை எல்லாம் மேடையில் ஏற்றிவிட்டு, வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் சாப்பாட்டு மேஜையில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டவள். டயர்க்காரம்மாவிடம் பேசிய பேச்சு ஞாபகம் வந்து முகம் காந்தியது.

"அவருக்குத்தான் வயசுக்கோளாறு, இன்னும் வீரர்னு நெனப்பு. உனக்கென்னடா கேடு?" என்றேன்.

அவன் மேடையிலிருந்து இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"சைக்கிள் கிளப்புல முதல் நாளே ஒருத்தர் சொன்னாருக்கா. பின்னாடி உக்கார்றவன் லேசா இருக்கணும், இல்லன்னா முன்னாடி ஓட்டறவருக்கு சீக்கிரமே அலுத்துடும்னு. மாமாவுக்கு அலுத்துட்டா எனக்கு அப்புறம் யாரு இருக்கா?"

 என் கணவர் அவனுடைய தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"அலுக்கறதா? மாப்ள, நீ இல்லன்னா நான் இந்நேரம் ஸோஃபாவோட ஒட்டிப்போயிருப்பேன். உன்னாலதான்டா நான் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பந்தயத்தை விட்ட பிறகு ஒன்பது வருடம் அவர் எப்படி இருந்தார் என்று கூட இருந்த எனக்குத் தெரியும். வேலைக்குப் போவார், வருவார், தொலைக்காட்சியின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். பின்னறையில் ஒருவன், முன்னறையில் ஒருவர் என்று நான் இருவரையும் சுமந்த வருடம் ஒன்று உண்டு. இந்தச் சைக்கிள் இரண்டு பேரையும் ஒன்றாகத் தூக்கி வெளியே போட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே டயர் வாங்கப் போயிருப்பேன். அதற்குள் பந்தயக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தம்பிக்காக விவரங்களைப் பூர்த்தி செய்யச் சொல்லியிருந்தார்கள். முகாமின் விதிகளைப் பொடி எழுத்தில் மூன்று பக்கத்துக்கு இணைத்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: தேர்வாகும் வீரருக்கு முன்னிருக்கையில் ஓட்டுபவரை முகாமே தரும்; அவர் முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருப்பார்.

என் கணவருக்கு நாற்பத்தொன்று.

அந்த வரியை நாலு தடவை படித்தேன். தம்பி ஜெயித்தால் ரயிலில் பத்து மணி நேரம் தள்ளி இருக்கும் ஊருக்குப் போய்விடுவான். இவர் மறுபடியும் அந்த ஸோஃபாவில் போய் விழுவார். தோற்றால் எல்லாம் இப்படியே இருக்கும். காலையில் இருவரும் கிளம்புவார்கள், வியர்வையோடு சண்டை போட்டுக்கொண்டே திரும்புவார்கள், நான் திட்டிக்கொண்டே ரொட்டி சுடுவேன். இப்படியே இருந்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததை மறைத்துச் சொல்ல இப்போது எனக்கு விருப்பமில்லை.

டயர்க்கடைக்குப் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அன்றும் நாலைந்து பேர் இருந்தார்கள். அதுவும் வேண்டும் எனக்கு.

"எழுபத்தொம்போதும் எழுபத்தி மூணும்" என்றேன்.

டயர்க்காரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. உள்ளே போய் இரண்டு ஜோடி டயரோடு வந்தார். இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலம் இந்த எடைக்குப் போதாது, இரண்டுமே இருபத்தெட்டு என்றார். முதல் ஜோடி மெல்லியது, துணி மாதிரி மடிந்தது. அதற்குள் லேட்டக்ஸ் டியூப் போட வேண்டும். கையுறை ரப்பர் போல இழுத்த இழுப்புக்கு வரும், குழியில் இறங்கினால் கிழியாமல் நெளிந்துகொடுக்கும், வேகமும் அதிகம். ஒரே தொல்லை, ராத்திரி அடித்த காற்று காலையில் பாதி இருக்காது, ஓட்டும் முன் புதிதாக அடிக்க வேண்டும். இரண்டாவது ஜோடி தடியானது. நடுவில் முள் தைக்காத பட்டை ஒன்று ஓடியது. அதற்குச் சாதாரணக் கனத்த டியூப்.

"இது தினம் வேலைக்குப் போய் வர்றவங்களுக்கு. பஞ்சரே ஆகாது, ஆனா உருளாது. நீங்க இத எடுத்துக்கங்க" என்று மெல்லியதை என் பக்கம் நகர்த்தினார்.

நான் தடியானதை எடுத்தேன்.

"பந்தயத்துக்கா?" என்றார்.

"பஞ்சர் ஆகக் கூடாது. அதான் முக்கியம்."

அது பொய்யுமில்லை. அப்படித்தான் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து மாட்டும்போது பெயரின் நடு எழுத்தை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்தேன், டியூப் எங்கும் விளிம்பில் மாட்டவில்லையா என்று சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தேன். செய்கிற துரோகத்தையும் சுத்தமாகச் செய்தேன்.

தம்பி கட்டைவிரலால் டயரைத் தடவினான். "என்னக்கா, இவ்ளோ தடியா இருக்கு?"

"உங்க எடைக்கு இதான் சரின்னு கடையில சொன்னாங்க."

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் முழுக்க ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை. என் கணவர் என்னைப் பாராட்டினார், நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். சனிக்கிழமை முழுத் தூரத்தையும் ஓட்டினார்கள். நாற்பத்து மூன்று நிமிடம் இருபத்தைந்து விநாடி. பழைய டயரில், பஞ்சர் ஆகாமல் முடித்த ஒரே நாளில், நாற்பத்திரண்டு பத்து வந்தவர்கள். தம்பி நேராகக் குளிக்கப் போனான்.

அதற்குப் பிறகு அவன் தட்டில் ரொட்டி மிச்சமாக ஆரம்பித்தது. பசிக்கவில்லை என்றான். கிளப்பில் சாப்பிட்டுவிட்டேன் என்றான். பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, இருபதாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து மிதிப்பு நின்றுபோக, என் கணவர் சைக்கிளை ஓரம் கட்டினார். தம்பிக்குத் தலை சுற்றியிருக்கிறது. கேட்டால், இரண்டு நாளாகத் தண்ணீரும் பழமும்தான்.

"அஞ்சு கிலோ குறைச்சா அந்த மெல்லிசு டயர் போட்டுக்கலாம்லக்கா" என்றான். "என் ஒடம்புக்காகத்தானே இந்த மாட்டு வண்டிச் சக்கரம்."

சாப்பாட்டு மேஜையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. என்னால் அதற்கு மேல் மென்று விழுங்க முடியவில்லை.

"உன் எடைக்காக இல்லடா" என்றேன். "வேணும்னேதான் மாட்டினேன்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொடி எழுத்து, முப்பது வயது, முகாம் தரும் ஆள், ஸோஃபா. டயர்க்காரம்மா மெல்லிசைத்தான் கொடுத்தார், நான்தான் தடியை எடுத்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லிமுடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். என் கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விதி எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பேர் கொடுக்கறப்ப அத்தன பக்கத்தையும் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்? காரோட்டக் கத்துக்குடுக்கறவன், விதியப் படிக்காம இருப்பேனா?"

"தெரிஞ்சுமா தினம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சீங்க?"

"வேற எப்ப எந்திரிக்கறது? வெயில் வந்துடும்ல."

தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "அப்ப நான் போகல. எவனோ ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து என்னால மிதிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை நான் சும்மா கால வெச்சிட்டு உக்காந்திருப்பேன்."

என் கணவர் அவனை அதட்டி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அதட்டினார்.

"உக்காரு. உக்காரு மாப்ள. நான் பதிமூணு வருஷம் ஓடி நாலாவதா வந்தவன். எனக்கு முன்னாடி போன மூணு பேரோட முதுக இன்னிக்கு வரைக்கும் மறக்கல. உன் கால் என் காலவிடப் பெரிய கால். முகாம்ல ஒரு சின்னப் பையன் முன்னாடி உக்காந்தா நீ எங்க போய் நிப்பேன்னு எனக்குத் தெரியும். நீ மிதிக்கலன்னா யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஒரே சங்கிலில இருக்கோம்டா, ஒளிக்க முடியாது. மிதிக்கறதும் மிதிக்காததும் உன் இஷ்டம். ஆனா என்னைச் சாக்கா வெச்சு உக்காராத."

 தம்பி எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்கு மூன்று வருடப் பழக்கம், இருந்தும் திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை டயர்க்கடைக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அவன் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் டயர்க்காரம்மா மெல்லிய ஜோடியை அவன் கையிலேயே கொடுத்தார். அவன் அதை மடித்தான், விரித்தான், கட்டைவிரலை அழுத்தி ஓட்டினான். கோபமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த முகம் கொஞ்சம் இளகிவிட்டது.

"சட்டை மாதிரி இருக்கு" என்றான்.

"இன்னொன்னு காட்டட்டுமா? இதவிட லேசா இருக்கு, ஆனா பக்கம் சீக்கிரம் கிழியும்" என்றார் அவர்.

"வேணாம். இதுவே போதும்." டியூபையும் கேட்டு வாங்கி இழுத்துப் பார்த்தான். "வால்வு நீளம் பத்துமாக்கா? நம்ம ரிம் ஆழமாச்சே." அதை நான் கவனித்திருக்கவில்லை. டயர்க்காரம்மா நீள வால்வு வைத்ததாக மாற்றிக் கொடுத்தார். மிதிக்க மாட்டேன் என்பவன் வால்வைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று எனக்கு ஒரு நப்பாசை. வாயைத் திறந்து கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

சாயங்காலம் மாட்டினேன். லேட்டக்ஸ் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப் பவுடரைத் தூவி, லேசாக ஊதி, சுருக்கமில்லாமல் உள்ளே வைத்தேன். டயரை நெம்பும் லீவரைத் தொடவே இல்லை, கட்டைவிரலாலேயே விளிம்பை ஏற்றினேன். கடைசி ஜாணில் விரல் நகம் ஒன்று உடைந்தது.

ஞாயிறு காலை பந்தயம் தொடங்கும் இடத்தில், வெயில் ஏறுவதற்குள், பம்போடு குனிந்தேன். அட்டைக் கட்டத்தில் எழுபத்தொன்பதும் எழுபத்து மூன்றும் சேர்ந்தால் எங்கே வரும் என்று எனக்கு மனப்பாடம். முள் அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்தினேன். தம்பி சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். அன்றைக்கும் அவன் யாரோடும் பேசவில்லை. காலையில் நாலு ரொட்டியும் இரண்டு முட்டையும் சாப்பிட்டான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கோபத்திலும் சிலர் நன்றாகச் சாப்பிடுவார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கொடி இறங்கியது. முதல் வளைவில் மஞ்சளும் நீலமும் மறைந்தன.

முடிவுக் கோட்டில், அடுத்து வரவேண்டிய சைக்கிளின் நேரத்தைக் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்று வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று யாராவது என்னைக் கேட்டால் சொல்வேன். எங்களுக்கு முன்னால் கிளம்பிய நாலு சைக்கிள்கள் வந்து சேர்ந்தன. ஒன்றுகூட நாற்பத்து மூன்றுக்குள் வரவில்லை. பஞ்சர் ஆகியிருக்குமோ என்று நினைத்தேன். டியூபை எங்காவது விளிம்பில் விட்டுவிட்டேனா என்று ஒவ்வொரு ஜாணாக மனதுக்குள் மறுபடி மாட்டிப் பார்த்தேன். பின்னிருக்கையில் ஒருவன் சும்மா காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

கடிகாரம் நாற்பத்தொன்று பத்து காட்டியபோது தூரத்தில் மஞ்சள் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சளின் பின்னால் நீலம் கைப்பிடிவரை குனிந்திருந்தது. இரண்டும் ஒரே உடம்பு போல ஏறி இறங்கின. கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் நாற்பத்தொன்று முப்பத்தெட்டு.

நான் ஓடினேன். என் கணவரால் காலைத் தூக்கி இறங்க முடியவில்லை. பாதையோரப் புல்லில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். மூச்சு இரைக்க இரைக்க என்னிடம் சொன்னார்.

"நான் இருபத்தி நாலாவது கிலோமீட்டர்லயே காலி. அங்கிருந்து இவன்தான்... என்னையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்தான்."

தம்பி மல்லாந்து படுத்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி அவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினேன். வாயிலும் கொஞ்சம் போயிற்று, இருமினான்.

"எத்தனக்கா?"

சொன்னேன். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைக் கையால் மூடிக்கொண்டான், அப்புறம் அது சிரிப்பாக இல்லை. நான் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் போகிறான் என்று முடிவு செய்துவிட்டான், அதை முப்பது கிலோமீட்டரும் காலாலேயே சொல்லியிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை சந்தோஷத்தையும் இத்தனை வலியையும் ஒன்றாக நான் அதுவரை அனுபவித்ததில்லை.

கொஞ்சம் கழித்து அவன் கையை எடுத்துவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டான். "முகாமுக்கு என்னிக்குப் போகணும்?"

 புல்லில் கிடந்த என் கணவர்தான் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார்.

"பதினஞ்சாந்தேதி. காலை வண்டி, மாப்ள. ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன், உன்ன விட்டுட்டு வர்றதுக்கு எனக்கும் சேத்து."

"அதுக்குள்ள எப்படி எடுத்தீங்க?" என்றேன். கடிகாரத்தில் இன்னும் எங்கள் நேரம்தான் நின்றுகொண்டிருந்தது.

"பேர் கொடுத்த அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றார்.